ஷெஃபீல்டு கல்லறைத் தோட்டக் கலவரம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 1862ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், புதைத்த பிணங்களைத் தோண்டி விற்கிறார்கள் என்று சொல்லி மக்கள் கல்லறைத் தோட்டத்தில் புகுந்து தீ வைத்தார்களாமே. அது வெறும் வதந்தியா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: விற்பனை நடந்தது என்பது வதந்திதான், தோண்டியது வதந்தியன்று.

புனித ஃபிலிப் தேவாலயத்தின் பங்குத்தந்தை ஜான் லிவ்ஸி 1857இல் ஏற்படுத்திய வார்ட்ஸெண்ட் கல்லறைத் தோட்டத்தை ஐசக் ஹவர்டு என்பவர் பராமரித்து வந்தார். தோட்டத்துக் குதிரை லாயத்தின் மேல்தளத்தில் குடியிருந்த கூலித் தொழிலாளி ஒருவர், கீழிருந்து வந்த துர்நாற்றம் தாங்காமல் தரைப்பலகையின் ஓட்டை வழியே பார்த்தபோது சவப்பெட்டிகள் தென்பட்டன. செய்தி பரவி, ஜூன் 3ஆம் தேதி மாலை பெருங்கூட்டம் திரண்டது. ஹவர்டு சிக்கவில்லை; அவருடைய வீடு எரிந்து சாம்பலானது. தோட்டத்தில் சவப்பெட்டிகள் குவிந்த குழி ஒன்றும், அறுத்துப் பரிசோதிக்கப்பட்ட உடல் கிடந்த பெட்டி ஒன்றும் அகப்பட்டன. தங்கள் வீட்டார் புதைத்த இடத்திலேயே இருக்கிறார்களா என்று பார்க்கப் பலர் தாங்களே மண்ணைத் தோண்டத் தொடங்கினார்கள்.

அறுக்கப்பட்ட உடல், ஏழையர் விடுதியில் இறந்து சட்டப்படி மருத்துவப் பள்ளிக்குச் சென்று, அடக்கத்துக்காக இங்கே வந்தது. அதாவது, மக்கள் நினைத்ததற்கு நேர் எதிர்த் திசையில் பயணம் செய்த உடல் அது! ஏற்கெனவே புதைத்த பெட்டிகள் அகற்றப்பட்டதற்கு, அந்த இடத்தை மறுபடி விற்கும் ஆசையே காரணம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

ஆயினும் அந்தக் கூட்டத்தை அறியாமை கொண்ட கும்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. எடின்பரோவில் 1828இல் பர்க்கும் ஹேரும் 16 பேரைக் கொன்று உடல்களை உடற்கூற்றியல் ஆசிரியருக்கு விற்றது நாடு முழுவதையும் நடுங்க வைத்திருந்தது. அதன்பின் 1832இல் வந்த உடற்கூற்றியல் சட்டம், உரிமை கோர ஆளில்லாமல் ஏழையர் விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் இறப்பவர்களின் உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்கு அளிக்க வழி செய்தது. பிணத் திருட்டு ஒழிந்தது. ஆனால் அதுவரை கொலைக் குற்றவாளிக்கு விதிக்கப்பட்டிருந்த, இறந்தபின் உடல் அறுக்கப்படும் இழிவு வறியவர் தலையில் விழுந்தது. ஷெஃபீல்டிலேயே 1835இல் ஐர் தெருவிலிருந்த உடற்கூற்றியல் பள்ளியைக் கூட்டம் ஒன்று சூறையாடியிருந்தது. அந்த நினைவோடு வாழ்ந்த எஃகு, கத்திப் பட்டறைத் தொழிலாளர்களுக்கு வார்ட்ஸெண்ட் செய்தி நம்பத் தகாததாகத் தோன்றியிருக்க முடியாது.

கேள்வி: பங்குத்தந்தைக்குத் தண்டனை கிடைத்ததா?
– அதே வாசகர்

பதில்: கிடைத்தது, ஆனால் பிணங்களைத் தோண்டியதற்காக அன்று. மருத்துவப் பள்ளியிலிருந்து வரும் உடல் முறையாக அடக்கம் செய்யப்பட்டது என்ற சான்றிதழைச் சட்டம் கட்டாயமாகக் கேட்டது. மேலே சொன்ன உடல் மண்ணுக்குள் போகாமலே அடக்கமானதாக எழுதப்பட்டிருந்ததால், பொய்ப் பதிவு செய்த குற்றத்துக்காக யார்க் நீதிமன்றம் லிவ்ஸிக்கு மூன்று வாரச் சிறைத் தண்டனை விதித்தது. ஹவர்டுக்கு மூன்று மாதம். பின்னர் லிவ்ஸிக்கு மன்னிப்பும் வழங்கப்பட்டது. பராமரிப்பாளர் சொல்வதை நம்பிக் கையெழுத்திடுவது அக்காலத்தில் வழக்கமாயிருந்திருக்கலாம் என்றாலும், அந்தப் பரிவு எனக்குச் சற்று மிகையாகவே படுகிறது. எரிந்துபோன வீட்டுக்காக ஹவர்டு இழப்பீடும் பெற்றார்.