மகனின் ஷூவும் நுனியில் வைத்த துணியும்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு 47 வயது. சர்க்கரைக்கு இப்போதுதான் மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். தினமும் உடற்பயிற்சி வேண்டும் என்று டாக்டர் சொன்னதால், பக்கத்து ஜிம்மில், நின்ற இடத்திலேயே ஓட்டுகிற ஸ்பின் சைக்கிள் வகுப்பில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. பெடலில் மாட்டுகிற ஷூ இருந்தால் நல்லது என்றார்கள். மகன் கல்லூரி நாளில் சைக்கிள் ஓட்டப் போட்ட ஷூ வீட்டில் சும்மா கிடந்தது. அவனைக் கூட்டிக்கொண்டு நாலு கடை ஏறி இறங்கி நானே வாங்கிக் கொடுத்தது. அவன் இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறான். எனக்கு இரண்டு சைஸ்தான் பெரிது. நுனியில் துணி வைத்து, இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுச் சமாளிக்கிறேன். ஆனால் பத்து நிமிடத்தில் விரல்கள் மரத்துப்போகின்றன. இறங்கும்போது பெடலை விட்டுக் கால் வருவதில்லை. போன வாரம் விழ இருந்தேன். இந்த ஷூ பழக எத்தனை நாள் ஆகும்?
- ஒரு வாசகி, கோவை

பதில்: பழகாது. மூன்று வாரம் இல்லை, மூன்று வருடம் போட்டாலும் பழகாது. தோல் செருப்பு என்றால் போடப் போட இளகிக் காலுக்கு வரும். சைக்கிள் ஷூவின் அடிப்பகுதி வளையக் கூடாது என்றே கெட்டியாகச் செய்யப்பட்டது. அது உங்களுக்காக இளகாது.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்தத் துணியை விட்டு நகர முடியவில்லை. மகனுக்கு வாங்கும்போது நாலு கடை ஏறி இறங்கினீர்கள். அவன் குதிகாலை விரலால் அழுத்தி, நுனியில் இடம் இருக்கிறதா என்று பார்த்து, நாலடி நடந்து காட்டு என்று சொல்லித்தான் வாங்கியிருப்பீர்கள். எல்லா அம்மாவும் அப்படித்தான். அந்தக் கை உங்கள் காலுக்கு வரும்போது மட்டும் ஏன் பழைய துணியைத் தேடிப் போனது? அவனுக்கு ஒரு சைஸ் தவறியிருந்தால் அன்றே கடைக்குத் திரும்பிப் போயிருப்பீர்கள். உங்களுக்கு இரண்டு சைஸ் தவறினால் ‘இரண்டு சைஸ்தான்’ என்று எழுதுகிறீர்கள். அந்தத் ‘தான்’ எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது.

துணி என்ன செய்கிறது என்று சொல்கிறேன். ஷூவுக்கு அடியில் பெடலில் மாட்டுகிற சின்னத் துண்டுக்குக் கிளீட் என்று பெயர். விரல்களுக்குப் பின்னால் பாதம் அகலமாக இருக்கிறதே, அந்த மேட்டுக்கு நேர் கீழே அது இருக்க வேண்டும். அங்கேதான் பாதம் பாரத்தைத் தாங்கும். உங்கள் மகனின் கிளீட் அவன் பாதத்துக்கு ஏற்ற இடத்தில் இருக்கிறது. இரண்டு சைஸ் என்றால் நீளத்தில் ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் வித்தியாசம். நுனியில் துணியை அடைத்ததும் உங்கள் பாதம் பின்னால் தள்ளப்பட்டு, கிளீட் விரல்களுக்கு அடியில் போய்விடுகிறது. நீங்கள் மிதிக்கிற மிதியெல்லாம் விரல்மேல் விழுகிறது. போதாததற்கு இரண்டு சாக்ஸ் பாதத்தை அகலத்தில் நெருக்குகிறது. கால் ஆடாமல் இருக்க வெல்க்ரோ பட்டியையும் இறுக்கி ஒட்டுவீர்கள். நரம்பு நசுங்காமல் என்ன செய்யும்?

கால் கழலாததற்கும் காரணம் அதேதான். இந்த மாட்டும் பெடல் பனிச்சறுக்குக் காலணியின் பூட்டைப் பார்த்து வந்தது. பிரான்சின் லுக் நிறுவனம் அதை 1984-இல் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. மறு வருடமே பிரெஞ்சு சைக்கிள் வீரர் பெர்னார்ட் இனோ அதை மாட்டிக்கொண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் பூட்டு விட்டுவிடும், அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் நீங்கள் திருப்பும்போது ஷூ திரும்புவதில்லை, ஷூவுக்குள் உங்கள் கால் மட்டும் திரும்புகிறது. பூட்டுக்கு எப்படித் தெரியும்?

என் அம்மா அப்பாவின் தேய்ந்த ரப்பர் செருப்பைத்தான் போடுவார். வார் அறுந்த இடத்தில் ஊக்கு குத்தியிருக்கும். எங்களுக்குப் பள்ளிக்கூடம் திறக்கும்போதெல்லாம் புதுச் செருப்பு வரும். அம்மாவுக்கு ஊக்கு மட்டும் புதிதாக வரும். அவருக்கும் சர்க்கரை இருந்தது. ஊக்கு உரசிப் புண்ணானது அவருக்கு உறைக்கவே இல்லை, காலில் உணர்ச்சி குறைந்திருந்தது. நாங்கள் பார்க்கும்போது நாளாகிவிட்டது. வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அப்புறம் எட்டு வருடம் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனது நாங்கள்தான். அம்மா அதைத் தியாகம் என்று நினைத்திருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு அம்மா தன் கால்களைப் பத்திரமாக வைத்துக்கொள்வதும் குடும்பக் கடமைதான் என்று நம்புகிறேன். சமைப்பதும் துவைப்பதும் மட்டும் கடமை இல்லை.

சரி, இனி செய்ய வேண்டியது. புது ஷூ வரும்வரை மகனுடையதைத் தொடாதீர்கள். பெரும்பாலான ஸ்பின் சைக்கிள்களில் பெடலின் ஒரு பக்கம் கிளீட் மாட்டவும், மறு பக்கம் கூடு போல வளைந்து பட்டியோடும் இருக்கும். அந்தக் கூட்டுப் பக்கத்தில், அடி கெட்டியான சாதாரண விளையாட்டு ஷூ போட்டு ஓட்டுங்கள். கயிற்றின் நுனியை உள்ளே செருகிக்கொள்ளுங்கள்.

கடைக்குச் சாயங்காலமாகப் போங்கள். பகலெல்லாம் நின்ற கால் சற்று வீங்கியிருக்கும், அதுதான் சரியான அளவு. வகுப்புக்குப் போடப்போகிற சாக்ஸ் ஒரே ஒரு ஜோடியோடு போங்கள். குதிகால் ஷூவுக்குள் தூக்கக் கூடாது, விரல்களை உள்ளே அசைக்க முடிய வேண்டும். இரண்டு காலிலும் போட்டு ஐந்து நிமிடம் கடையிலேயே இருங்கள். கார்பன் அடி வேண்டாம், நைலான் அடி உங்களுக்குத் தாராளம். போவதற்கு முன்னால் ஜிம்மில் எந்த வகைப் பெடல் என்று கேட்டுக்கொள்ளுங்கள்: எஸ்.பி.டி. என்றால் கிளீட்டை இரண்டு திருகாணியில் பொருத்துவது, லுக் டெல்டா என்றால் மூன்று. மாற்றி வாங்கினால் மாட்டவே மாட்டாது. எஸ்.பி.டி.யாக இருந்தால் ஷிமானோவின் எஸ்.எச்.56 கிளீட்டைக் கேளுங்கள். குதிகாலை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது விட்டுவிடும். புதிதாகக் கற்பவர்களுக்கு அதுதான் நல்லது. பெடலின் ஸ்பிரிங்கையும் தளர்த்தி வைக்கச் சொல்லி டிரெய்னரிடம் கேளுங்கள்.

முதல் நாள் வகுப்புக்குக் கால் மணி நேரம் முன்னால் போய், சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு காலாக இருபது தடவை மாட்டிக் கழற்றுங்கள். பல ஸ்பின் சைக்கிள்களில் கனமான சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். அதனால் பிரேக் குமிழை அழுத்திச் சக்கரத்தை முழுக்க நிறுத்திய பிறகே கழற்ற வேண்டும். இரண்டு காலும் விடுபட்ட பிறகுதான் இறங்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பாதத்தையும் விரலிடுக்குகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். கொப்புளம், சிவப்பு எதுவும் இருக்கக் கூடாது. கை, கால் பழக ஒரு வாரம் போதும்.

மகனுக்கு இன்றே போன் செய்யுங்கள். அம்மாவின் கால் என்ன சைஸ் என்று கேளுங்கள். தெரியாது என்பான். நீங்களே சொல்லுங்கள். வார இறுதியில் வந்து கடைக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். சம்பாதிக்கிற பிள்ளை, அவன் கடமையையும் கொஞ்சம் செய்யட்டும். அவன் உங்கள் குதிகாலை அழுத்திப் பார்க்கட்டும்.

சரியான ஷூ போட்ட பிறகும் விரல்கள் மரத்தால், அல்லது சைக்கிள் ஓட்டாத நேரத்தில், ராத்திரி படுக்கும்போது மரத்தால், வகுப்பை நிறுத்திவிட்டு உங்கள் சர்க்கரை டாக்டரிடம் போங்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், சில நிமிட வேலைதான். மாத்திரை ஆரம்பித்தபோதே இதைச் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை என்றால், ஷூ வாங்கும் வரைகூடக் காத்திருக்காமல் இந்த வாரமே போய்வாருங்கள்.