ஒரு பிடி சோறுதான் சாப்பிடுகிறேன், நிறை ஏன் கூடுகிறது?

கேள்வி: நான் 46 வயதுப் பெண், யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருக்கிறேன். உயரம் 152 சென்ரிமீற்றர், நிறை 71 கிலோ. இரண்டு வருடத்துக்கு முன் 62 கிலோதான் இருந்தேன். காலையில் பால் தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கற்றும், மத்தியானம் ஒரு பிடி சோறு, இரவு மூன்று இடியப்பம். வெள்ளிக்கிழமை விரதம். இவ்வளவு குறைவாகச் சாப்பிட்டும் உடம்பு வைக்குமா? தைரொயிட்டாக இருக்குமா? தெரிந்த ஒருவர் மூலிகைப் பொடி தருகிறார். மூன்று மாதத்துக்கு 18,000 ரூபா. 5,000 ரூபா முற்பணம் கட்டிவிட்டேன். எடுக்கலாமா?

பதில்: பொடியைத் தொடாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் கேள்வி.

உங்கள் உயரம், நிறை, வயதுக்கு நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் உடம்பு ஏறக்குறைய 1,250 கலோரி எரிக்கும். இதயம் அடிக்க, மூச்சு விட, உடம்புச் சூட்டைக் காக்கவே அவ்வளவு வேண்டும். வீட்டு வேலையையும் சேர்த்தால் 1,600 வரும். நீங்கள் எழுதிய சாப்பாட்டைக் கறி, சொதியோடு தாராளமாகக் கணக்குப் போட்டாலும் 900ஐத் தாண்டாது. அது மட்டும்தான் உள்ளே போகிறது என்றால், மாதம் இரண்டு கிலோவாவது உங்களுக்குக் குறைந்துகொண்டிருக்க வேண்டும். நிறை கூட வழியே இல்லை.

'என் உடம்பு மற்றவர்களைப் போல எரிப்பதில்லை' என்று பலர் சொல்வார்கள். சாப்பாடு குறைந்தால் உடம்பு சிக்கனம் பிடிப்பது உண்மைதான். 1944, 45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்து 24 வாரம் அரைப் பட்டினி கிடந்தார்கள். அவர்களுடைய உடம்பு எரிக்கும் வேகம் நன்றாகவே இறங்கியது. ஆனாலும் நிறையில் கால்வாசி போய்விட்டது. உடம்பு வைத்தவர் ஒருவர்கூட இல்லை. சிக்கனம் பிடிக்கிற உடம்பு மெலிவதைத் தாமதமாக்கும். இல்லாததில் இருந்து கொழுப்புச் செய்ய அதற்குத் தெரியாது.

அப்படியென்றால் நான் பொய் சொல்கிறேனா என்று கோபிக்க வேண்டாம். இல்லை. உங்களைப் போலவே 'குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், மெலியவில்லை' என்று வந்தவர்களை 1992இல் நியூயோர்க்கில் அளந்து பார்த்தார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்தது ஒன்று, உள்ளே போனது ஏறக்குறைய அதைப் போல இரண்டு மடங்கு. செய்த உடலுழைப்பையும் கூட்டித்தான் சொல்லியிருந்தார்கள். யாரும் வேண்டுமென்று ஏமாற்றவில்லை. நமக்குச் சாப்பாடு என்றால் கோப்பையில் போட்டு இருந்து சாப்பிடுவது மட்டும்தான். நின்றுகொண்டு வாயில் போட்டதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டு வருடத்தில் 9 கிலோ என்பதை நாட்களால் பிரித்தால், சராசரியாக ஒரு நாளைக்கு 95 கலோரி மிச்சம் விழுந்திருக்கிறது. இரண்டு கரண்டி பால்மாவும் இரண்டு கரண்டி சீனியும் போட்ட ஒரு தேத்தண்ணி அவ்வளவுதான். ஒன்றே ஒன்று. பின்னேரம் நாலு மணிக்கு யாரும் வீட்டுக்கு வந்தால் அவர்களோடு சேர்ந்து குடிக்கிற அந்தத் தேத்தண்ணியை நீங்கள் எழுதவில்லை. நானும் எழுதியிருக்க மாட்டேன்.

சாப்பிட்டதை டயரியில் எழுதுங்கள் என்று ஆட்களிடம் சொல்வதை நான் விட்டுக் கன காலம். எழுதத் தொடங்கிய நாளிலேயே நல்ல பிள்ளையாகி விடுவார்கள். அதற்குப் பதிலாகக் கடைக் கணக்குக் கொப்பியைப் பாருங்கள், அது பொய் சொல்லாது. நாலு பேர் வீட்டில் மாதம் 5 கிலோ சீனி முடிகிறது என்று வையுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 கிராமுக்கு மேல், 160 கலோரி. 750 மில்லிலீற்றர் போத்தலில் நாலு போத்தல் எண்ணெய் என்றால் ஆளுக்கு இன்னொரு 200. அது நல்லெண்ணெய் ஆனாலும் தேங்காயெண்ணெய் ஆனாலும் கணக்கு ஒன்றுதான். 'நல்ல'வில் கலோரி குறைவு என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். நாளுக்கு ஒரு தேங்காய் என்றால், பாலாகவும் சம்பலாகவும் ஆளுக்குக் குறைந்தது 150. சோற்றுக்கும் இடியப்பத்துக்கும் வர முன்பே 500 கலோரி போய்விட்டது. ஒரு பிடி சோறு என்று அளந்து போடுகிறவர்கள் சொதியை அளந்து ஊற்றுவதில்லை.

இன்னும் இருக்கிறது. கறிக்கு உப்புப் பார்த்தது, பிள்ளை மிச்சம் விட்ட அரை முட்டை. தொண்ணூறுகளில் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்த நமக்குச் சாப்பாட்டை வீசக் கை வராது. அதில் குறை சொல்ல எனக்கு மனமும் இல்லை. ஆனால் அந்த மிச்சம் உங்கள் வயிற்றுக்குத்தான் போக வேண்டும் என்று இல்லை, மூடி வைத்தால் இரவுக்கு ஆகும். விரதத்தையும் பாருங்கள். பகல் முழுக்கப் பட்டினி, பின்னேரம் பூசை முடிய வடையும் சர்க்கரைப் பொங்கலும். நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழாவுக்குக் கொடியேறினால் 25 நாளும் சுவாமி பார்த்துவிட்டு வரும் வழியில் ஐஸ்கிறீம். சாமியைச் சாட்டிச் சாப்பிடுவதும் சாப்பாடுதான்.

வயது போனதால் எரியவில்லை என்பதும் சரியில்லை. 2021இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துப் பார்த்த பெரிய ஆய்வில், உடம்பின் பருமனைக் கணக்கில் எடுத்தால் 20 வயதில் இருந்து 60 வரை எரியும் வேகம் ஒரே அளவில்தான் இருந்தது. மாறியது வேறு. கொக்குவிலில் இருந்து பெரியகடைக்குச் சைக்கிள் மிதித்துப் போன கால்கள் இப்போது ஸ்கூட்டியில் போகின்றன.

சரி, தைரொயிட். சுரப்பி மந்தமானால் நிறை கூடும், உண்மை. ஆனால் பெரும்பாலும் இரண்டு கிலோவில் இருந்து ஐந்து கிலோ வரைதான், அதிலும் பெரும் பங்கு உப்பும் நீரும். 9 கிலோ முழுவதையும் அதன் தலையில் போட முடியாது. என்றாலும் உங்கள் வயதில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தோல் வறட்சி, குரல் தடிப்பு இருந்தால் கட்டாயம் பாருங்கள். ரீ.எஸ்.எச். என்ற ஒரு இரத்தப் பரிசோதனை போதும். 'முழு உடம்புப் பக்கேஜ்' என்று நாற்பது பரிசோதனையை ஒரே விலையில் கட்டித் தருவார்கள், எடுக்காதீர்கள். நாற்பது பார்த்தால் ஒன்றிரண்டு கொஞ்சம் ஏறியோ இறங்கியோ வரத்தான் செய்யும். பிறகு அதைத் துரத்திக்கொண்டு திரிய வேண்டும். காசு அவர்களுக்கு, நித்திரையின்மை உங்களுக்கு.

உண்மையாகவே சாப்பிடாமல் நிறை கூடுகிற ஒரு சங்கதி இருக்கிறது. இதை மட்டும் விளக்கமாகச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் இதைத் தவறவிட்டவர்களைக் கண்டிருக்கிறேன். அது கொழுப்பு அல்ல, தண்ணீர். ஒரு லீற்றர் தண்ணீர் உடம்பில் தங்கினால் தராசில் ஒரு கிலோ. சிறுநீரகம் புரதத்தை ஒழுக விட்டாலோ, இதயம் இறைக்க மாட்டாமல் சோர்ந்தாலோ, ஈரல் கெட்டாலோ தண்ணீர் கட்டும். அப்போது பசியும் குறையும். ஆகவே 'சாப்பாடே இறங்கவில்லை, ஆனால் நிறை ஏறுகிறது' என்பது அங்கே எழுத்துக்கு எழுத்து உண்மை.

சில வருடத்துக்கு முன் கடற்கரைப் பக்கம் இருந்து ஒருவர் வந்தார். மூன்று வாரத்தில் 6 கிலோ. ஒரு நாளைக்கு அரைக் கோப்பை கஞ்சிக்கு மேல் இறங்கவில்லை என்றார். அதற்கு முன் காட்டிய இடத்தில் நிமிர்ந்தும் பார்க்காமல் 'சோற்றைக் குறையுங்கோ' என்று துண்டில் எழுதி அனுப்பியிருந்தார்கள். நான் கால் எலும்பின் மேல் பெருவிரலால் அழுத்தினேன், குழி விழுந்து அப்படியே நின்றது. மூத்திரம் நுரைத்து நுரைத்துப் போவதாகப் பிறகுதான் சொன்னார். யாரும் கேட்கவில்லையாம். சிறுநீரகம். அந்த மனிசனுக்குச் சோற்றைக் குறைக்கச் சொல்லியிருக்கிறோம்!

ஆகவே இன்று இரவு நீங்களும் அழுத்திப் பாருங்கள். கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே, எலும்பின் மேல், பத்து விநாடி. குழி விழுந்து நின்றால், காலையில் கண் இமை வீங்கினால், படுக்கும்போது மூச்சு முட்டி இரண்டு தலையணை தேவைப்பட்டால், அல்லது ஒரு கிழமைக்குள் இரண்டு மூன்று கிலோ ஏறி இறங்காமல் நின்றால் உடனே வைத்தியரிடம் போங்கள். மூச்சு முட்டினால் இரவென்றும் பார்க்க வேண்டாம். உங்களுடையது இரண்டு வருடத்தில் மெல்ல ஏறிய நிறை, இந்த வகை போலத் தெரியவில்லை. ஆனாலும் அழுத்திப் பார்ப்பதற்குக் காசில்லை.

இனி அந்தப் பொடி. 'தெரிந்த ஒருவர்' என்று எழுதியிருக்கிறீர்கள். எப்போதும் தெரிந்த ஒருவர்தான். தெரியாதவரிடம் யார் 18,000 கொடுப்பார்கள்? வாட்சப்பில் முன்னும் பின்னும் எடுத்த படம் வரும், கீழே ஐந்து பேர் கைகூப்பி நன்றி சொல்லியிருப்பார்கள், அந்த ஐவரில் மூவருக்குத் தரகு போகும். மெலிவுப் பொடி, குளிசை என்று விற்கப்படுகிறவற்றில் உலகெங்கும் ஆய்வுகூடங்கள் திரும்பத் திரும்பக் கண்டுபிடிப்பது சிபுட்ரமின் என்ற மருந்தை. மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகிறது என்று 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனையை நிறுத்திய மருந்து அது. பேதி மருந்து, சிறுநீர் போக வைக்கும் மருந்து, தைரொயிட் ஹோர்மோன் கலந்தவையும் உண்டு. முதல் கிழமை 3 கிலோ இறங்கும், போனது தண்ணீர். நீங்கள் சந்தோசத்தில் மிச்சக் காசைக் கட்டுவீர்கள். அதோடு அவர்கள் வேலை முடிந்தது.

முழங்கால் நோவுக்கு இப்படிப் பெயரில்லாத பக்கற் எதுவும் எடுக்கிறீர்களா? அதில் ஸ்ரெரொயிட் இருந்தால் பசி கூடும், முகம் உருண்டு வரும், வயிறு வைக்கும், கை கால் மட்டும் மெலியும். கன நாள் எடுத்திருந்தால் சடாரென்று நிறுத்தவும் கூடாது, ஆபத்து. பக்கற்றையும் கொண்டு வைத்தியரிடம் போங்கள்.

மருந்துகளைக் கட்டுப்படுத்த 2015இல் சட்டம் போட்டு அதிகாரசபையே அமைத்திருக்கிறார்கள். பொடிக்காரரோ பஸ்ஸில் பார்சல் போட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறார். அரச வைத்தியசாலைகளில் 35 வயது தாண்டியவர்களுக்கு நிறை, பிறஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்க்கும் நிலையங்கள் இருக்கின்றன. அது இருப்பது யாருக்குத் தெரியும்? கிளினிக்கில் ஒரு வைத்தியருக்கு முன்னால் நூறு பேர் கதிரையில் இருந்தால், என்ன சாப்பிட்டாய் என்று எப்படிக் கேட்பது? அந்த இரண்டு நிமிசத்தில் கேட்க முடியாததை ஆறுதலாக இருந்து கேட்கிறவன் பொடிக்காரன் ஒருவன்தான். அவனை நான் திட்டலாம், ஆனால் அவனுக்கு இடம் விட்டது நாங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஒரு மாதத்துக்குச் சீனிப் போத்தலையும் எண்ணெய்ப் போத்தலையும் வாங்கிய திகதி எழுதி ஒட்டுங்கள். தேத்தண்ணியைச் சீனி இல்லாத வெறும் தேத்தண்ணி ஆக்கிக் குடியுங்கள், இரண்டு கிழமையில் நாக்குப் பழகும். சோற்றை ஒரு பிடிக்கும் கீழே குறைக்காதீர்கள், குறைத்தால் நாலு மணிக்குப் பிஸ்கற் ரின்னைத் திறப்பீர்கள். கீரை, பருப்பு, மீன் கூடட்டும். சைக்கிள் இன்னும் வீட்டில் நின்றால் காற்றடியுங்கள். கிழமைக்கு ஒரு நாள் மட்டும் காலையில் நிறை பாருங்கள், ஒரு நாளில் ஒரு கிலோ முன்னே பின்னே ஆடுவது சாதாரணம். இடுப்பையும் அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர்தான் எல்லை. அதற்கு மேலே என்றால் சீனி, பிறஷரைப் பார்ப்பது தைரொயிட்டை விட முக்கியம்.

முற்பணம் 5,000. திருப்பிக் கேளுங்கள். தரமாட்டார்கள். பொடி கொடுத்தனுப்பினால் வாங்க வேண்டாம், மிச்சம் 13,000ஐக் கட்டவும் வேண்டாம்.