“டெம்ப்ரவரி சார்தானே?” – அடங்காத வகுப்பும் புது ஆசிரியரும்: கேள்வி பதில்

அரசுப் பள்ளியில் 31 வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் முதல் வேலையே, பிரசவ விடுப்பில் போன ஒருவருக்குப் பதிலாகக் கிடைத்த நாலு மாத வேலைதான். அந்த நாலு மாதத்தில் மூன்று தடவை பாத்ரூமில் போய் அழுதிருக்கிறேன். அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேள்வி: டீச்சர், பத்து நாளாக ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்குக் கணக்கு எடுக்கிறேன். 46 பேர். போர்டு பக்கம் திரும்பினால் வாயை மூடிக்கொண்டே ‘ம்ம்ம்ம்’ என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் எல்லோரும் புத்தர் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். யாரென்று கண்டுபிடிக்கவே முடியவில்லை.

பதில்: கண்டுபிடிக்காதீர்கள் தம்பி. “யாரது?” என்று நீங்கள் கேட்பதற்காகத்தான் அந்தச் சத்தமே. கேட்டால் அவர்களுக்கு ஒரு ரன். எல்லோரையும் எழுந்து நிற்க வைத்தால் சிக்ஸர்.

முதலில் முதுகைக் காட்டுவதைக் குறையுங்கள். கணக்கை எழுத ஒரு பையனையோ பெண்ணையோ போர்டுக்கு அனுப்பிவிட்டு, நீங்கள் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்று அங்கிருந்தே சொல்லிக்கொடுங்கள். அந்தச் சத்தம் பெரும்பாலும் பின்வரிசையில்தான் பிறக்கும். பின்னால் ஆள் நின்றால் சுருதி சேராது.

இன்னொன்று. ஒன்பதாவதில் முதல் பாடமே கணமொழி, அதாவது பொருள்களைக் கூட்டம் கூட்டமாக (செட்) பிரித்துப் பார்ப்பது. அதை வைத்து நான் செய்ததைச் சொல்கிறேன். பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு, தரையில் சாக்பீஸால் ஒன்றோடொன்று வெட்டிக்கொள்கிற இரண்டு பெரிய வட்டம் போட்டேன். பஸ்ஸில் வருகிறவர்கள் ஒரு வட்டம், கிரிக்கெட் ஆடுகிறவர்கள் இன்னொரு வட்டம். இரண்டும் உண்டு என்றால் நடுவில். ஒரே தள்ளுமுள்ளு, கூச்சல். பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். வகுப்பிலேயே பெரிய வால் ஒருவன், கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் ஓரமாக நின்றான். “நான் எதுலயும் இல்ல டீச்சர். நடந்துதான் வரேன், கபடிதான் ஆடுவேன்.” கிண்டலாகத்தான் சொன்னான். “இந்த நாலு சுவரும் அனைத்துக்கணம், எல்லாரும் அடங்குற பெரிய கணம். நீ அதுக்குள்ளதான நிக்கிற?” என்றேன். அவன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, “அப்ப வெளிய வராண்டாவுல நின்னா?” என்று கேட்டான். அந்த வருடத்தில் எனக்கு வந்த முதல் உருப்படியான கேள்வி அது.

தினமும் இப்படி வித்தை காட்ட முடியாது. வாரத்துக்கு ஒன்று போதும். மற்ற நாளில் பழைய மாதிரி ‘ம்ம்ம்’ வரும், வரட்டும்.

கேள்வி: வருகைப் பதிவு எடுக்கும்போது பெயரை மாற்றிச் சொல்லி ஏமாற்றினார்கள். ஒரு வாரம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் சிரித்தார்கள்.

பதில்: உங்களைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கும் இது நடந்திருக்கும். முதல் நாளே உட்காரும் வரிசையைப் படமாக ஒரு தாளில் வரைந்து, கட்டம் கட்டமாகப் பெயர் எழுதி, வகுப்பாசிரியரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 46 பெயரும் நாலு நாளில் மனப்பாடம் ஆகவேண்டும். “ஏய், ஊதா பேனா!” என்று கூப்பிடுவதற்கும் “முருகேசா, மூணாவது வரியப் படி” என்று கூப்பிடுவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று ஐந்தாவது நாள் தெரியும்.

கேள்வி: பேசுகிறவர்கள் பெயரை போர்டில் எழுதும்படி லீடரிடம் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். லீடருக்குப் பிடிக்காதவர்கள் பட்டியல்தான் கிடைக்கும். லீடர் பாவம், சாயங்காலம் சைக்கிள் டயரில் காற்று இருக்காது.

கேள்வி: “ரெண்டு போடுங்க சார், தானா சரியாயிடும்” என்று சீனியர் ஆசிரியர்கள் சொல்கிறார்கள். நிஜமாகவே கை பரபரக்கிறது.

பதில்: கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையை மட்டும் தடுக்கவில்லை, மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடுக்கிறது. முட்டி போட வைப்பது, சாதியை இழுப்பது, “உங்க அப்பன் என்ன பண்றான்?” என்பது எல்லாம் தப்பு. பிரச்சினை என்று வந்தால் சீனியர்கள் யாரும் கூட நிற்க மாட்டார்கள், தற்காலிக ஆசிரியரைத்தான் முதலில் அனுப்புவார்கள். சட்டம் கிடக்கட்டும், நானும் ஆரம்பத்தில் ஒரு பையனை அடித்திருக்கிறேன். அவன் அழவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தான். அதற்கப்புறம் என் கையில் வேறு ஆயுதமே இல்லை.

கேள்வி: “நீங்க பெர்மனென்ட்டா டெம்ப்ரவரியா?” என்று நேரடியாகவே கேட்கிறார்கள். என்ன சொல்வது?

பதில்: உண்மையைச் சொல்லுங்கள். தற்காலிக ஆசிரியர்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக எடுக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். 2022-இல் பட்டதாரி ஆசிரியருக்கு 10,000 ரூபாய் என்று ஆரம்பித்து அப்புறம் 15,000 ஆக்கினார்கள், அதுவும் சில பெற்றோருக்குத் தெரிந்திருக்கும். மறைத்தால் அதையே பிடித்துக்கொள்வார்கள். “டெம்ப்ரவரிதான். காலாண்டுத் தேர்வு பேப்பர நான்தான் திருத்தப்போறேன். புத்தகத்த எடு.” அவ்வளவுதான். குரலில் வருத்தம் தெரியக்கூடாது. அவர்கள் கேட்பது வேலையைப் பற்றி இல்லை, நாளைக்கும் இவர் வருவாரா என்பதைப் பற்றி. போன வருடம் பாதியில் போனவர் ஒருவரையாவது அந்த வகுப்பு பார்த்திருக்கும்.

கேள்வி: தொல்லை தாங்கவில்லை என்றால் ஹெச்.எம்.-மிடம் அனுப்பலாமா?

பதில்: பருவத்துக்கு ஒரு தடவை, அதுவும் சண்டை, காயம் என்றால். தினமும் அனுப்பினால் பையன் ஹெச்.எம். அறையில் ஃபேன் காற்றில் உட்கார்ந்துவிட்டு வருவான்.

கேள்வி: எனக்கு 23 வயது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறேன். கமென்ட் அடிக்கிறார்கள். நேற்று ஒருவன் செல்போனில் என்னைப் படம் எடுத்ததுபோல் இருந்தது.

பதில்: மேலே சொன்ன எதுவும் உங்களுக்கு இல்லை அம்மா. கமென்ட்டுக்குக் காது கேட்காததுபோல் இருக்கலாம், படத்துக்கு இருக்கக்கூடாது. இன்றைக்கே ஹெச்.எம்.-மிடம் எழுத்தில் கொடுங்கள், ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். பள்ளியில் ஒரு சீனியர் டீச்சரிடமும் சொல்லிவையுங்கள். அந்தப் போனை நீங்களே பிடுங்காதீர்கள். “வயசுப் பசங்க, அப்படித்தான்” என்று யாராவது சொன்னால், அதையும் தேதி போட்டு எழுதிவையுங்கள்.

கேள்வி: ஆசிரியர் லீவு என்று ஒரே ஒரு பீரியட் தெரியாத வகுப்புக்கு அனுப்பிவிடுகிறார்கள். பி.இ.டி. (விளையாட்டு) பீரியட் கேட்டு உயிரை எடுக்கிறார்கள்.

பதில்: விட்டுவிடாதீர்கள், மைதானத்தில் யாராவது விழுந்தால் பொறுப்பு உங்களுடையது. பையில் எப்போதும் ஒரு புதிர் வைத்துக்கொள்ளுங்கள். நான் போடுவது இது: 1 முதல் 9 வரை எண்களை மூன்றுக்கு மூன்று கட்டத்தில், எந்தப் பக்கம் கூட்டினாலும் 15 வரும்படி நிரப்பு. நடுவில் 5 வரும் என்று மட்டும் சொல்லாதீர்கள். 20 நிமிஷம் ஓடும்.

கேள்வி: அடுத்த வாரம் பழைய டீச்சர் திரும்பி வருகிறார். எனக்கு வேறு பள்ளி. வகுப்பை எப்படி ஒப்படைப்பது?

பதில்: எந்தப் பயிற்சியில், எத்தனையாவது கணக்கில் நிறுத்தினீர்கள் என்று ஒரு தாள். யாருக்கு வகுத்தல் வராது, யாருக்குக் கண்ணாடி வேண்டும், யார் காலையில் சாப்பிடாமல் வருகிறார்கள் என்று இன்னொரு தாள். யார் சேட்டைக்காரன் என்று எழுதவேண்டாம், அது அவருக்கே தெரியும்.