செல்ஃப் அடித்தும் கிளம்பாத பழைய கார்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஐப்பசி பிறந்தால் மதுரைப் பக்கம் மழையும் முகூர்த்தமும் சேர்ந்தே வரும். பழைய கார்களுக்கு இரண்டுமே ஆகாது. இந்தமுறை வந்த கேள்விகளும் ஏறக்குறைய ஒரே ரகம்தான்: வயரிங்கில் ஏதோ ஆகிவிட்டது, வண்டி கிளம்பவில்லை, எந்தப் பாகத்தை மாற்றலாம்? எதையும் மாற்றாதீர்கள். 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்ப் ஒன்றில் இரண்டு வயரைப் பற்றவைத்து ஒரு டெஸ்ட் லைட் செய்துகொள்ளுங்கள். கரண்ட் எதுவரை வருகிறது, எங்கே நிற்கிறது என்று அதை வைத்தே பார்த்துவிடலாம்.

அப்பாவின் அம்பாசடருக்குப் புது பேட்டரி போட்டோம். பிளஸ், மைனஸ் மாறிவிட்டது. செல்ஃப் ஒரு சுற்று சுற்றியது, ஆல்டர்னேட்டர் பக்கம் புகை வந்தது. இப்போது சரியாக மாட்டியும் லைட், ஹார்ன் எதுவும் இல்லை. செல்ஃப் போய்விட்டதா ஐயா? (திருமங்கலம்)

செல்ஃபுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதிலுள்ள ஃபீல்டு (நிலையாக இருக்கும் சுருள்), ஆர்மேச்சர் (சுற்றும் சுருள்) இரண்டிலும் ஒரே கரண்ட்தான் வரிசையாக ஓடுகிறது. பேட்டரி மாறினால் இரண்டும் சேர்ந்தே மாறும், சுற்றும் திசை மாறாது. மாற்றி மாட்டியது அந்த நிமிடம் யாருக்கும் தெரியாமல் போனதும் அதனால்தான்.

அடி வாங்கியது, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர். அதற்குள் இருக்கும் டையோடுகள் சரியான பேட்டரிக்குக் கதவை மூடி வைத்திருக்கும். மாறிய பேட்டரிக்கு அகலத் திறந்துவிடும். மொத்தக் கரண்டும் அந்த வழியே பாய்ந்து டையோடும் எரியும், அதற்குப் போகும் தடித்த பிரவுன் வயரும் எரியும். இந்த வண்டிகளில் உள்ள லூகாஸ் கம்பெனி வயரிங்கில் பிரவுன்தான் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் நேராக வரும் தாய் வயர். அது அறுந்தால் லைட், ஹார்ன், சாவி எல்லாம் ஒன்றாகச் செத்துவிடும். உங்கள் வண்டியில் நடந்திருப்பது இதுதான்.

முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். ஆல்டர்னேட்டரின் பெரிய வயரைக் கழற்றி, நுனியில் டேப் சுற்றி, எதிலும் படாமல் ஒதுக்கி வையுங்கள். பிறகு மைனஸ் முனைக்கும் அதன் கேபிளுக்கும் நடுவே டெஸ்ட் லைட்டை வையுங்கள். சாவி, சுவிட்சுகள் எல்லாம் ஆஃப், கதவுகள் மூடியிருக்க வேண்டும். அந்த நிலையில் பல்ப் பளிச்சென்று எரிந்தால் எங்கோ இன்னும் ஷார்ட் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் பேட்டரியை மாட்டவே கூடாது. எரியவில்லை என்றால் பிரவுன் வயரைச் சரிசெய்து, பேட்டரியை மாட்டி, சாவி போட்டு, இக்னிஷன் காயிலுக்கு (ஸ்பார்க்குக்கு வோல்டேஜை ஏற்றித் தருவது) வரும் வெள்ளை வயரில் கரண்ட் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், பாயிண்ட் (காயில் கரண்டை விட்டுவிட்டு வெட்டும் தொடுமுனை) வைத்த வண்டி ஆல்டர்னேட்டர் இல்லாமலே கிளம்பும். பகலில், லைட் போடாமல், பேட்டரியை நம்பியே எலக்ட்ரீஷியன் கடை வரை ஓட்டிப் போகலாம். டெல்கோவுக்குள் (ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிப்யூட்டர்) பாயிண்ட்டுக்குப் பதில் யாராவது எலக்ட்ரானிக் யூனிட் போட்டிருந்தால் அதுவும் போயிருக்கும். பழைய பாயிண்டை எடுத்து 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) இடைவெளியில் வைத்துப் பாருங்கள்.

ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ உள்ள வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சேதி: இன்ஜின் ஓடாதவரை, டைனமோவைப் பேட்டரியோடு சேர்க்கும் கட்-அவுட் சுவிட்ச் திறந்தே இருப்பதால் டைனமோ பெரும்பாலும் தப்பிவிடும். இன்னொன்று, புது பேட்டரியில் பிளஸ் எந்தப் பக்கம் என்பது மாறி வரலாம். பிளஸ் முனை சற்றுப் பருமன். கிளாம்ப் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தால் சுத்தியலை எடுக்காமல் நின்று யோசியுங்கள். 1950களின் மாரிஸ் வண்டி என்றால் அதில் பிளஸ்தான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். அங்கே நம் வழக்கத்துக்கு மாட்டினால் அதுவே தப்பு.

ஃபியட்டுக்கு இன்ஜின் வேலை பார்த்து வந்ததிலிருந்து செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. சோக் கேபிள் கை வைக்க முடியாதபடி சுடுகிறது. பேட்டரியை மாற்றியும் அப்படியே. (மேலூர்)

இன்ஜினை இறக்கும்போது கழற்றிய, இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையைத் திருப்பி மாட்டவில்லை. இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. பட்டை இல்லாவிட்டால் செல்ஃபின் கரண்ட் பாடிக்குத் திரும்ப வேறு வழி தேடும், கிடைப்பது சோக் கேபிள். மல்டிமீட்டரில் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இரண்டு, மூன்று காட்டினால் சந்தேகமே வேண்டாம். புதுப் பட்டையை மாட்டும் இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டிவிடுங்கள். பெயிண்ட் மேல் மாட்டிய எர்த் எர்த்தே இல்லை. இந்த ஒரு சோதனையைத் தவிர, பட்டையை மாட்டும் முன் செல்ஃப் அடிக்க வேண்டாம், கேபிள் தீப்பிடிக்கும்.

மழைத் தண்ணீரில் நின்ற அம்பாசடர். செல்ஃப் சுற்றுகிறது, ஒரு வெடிகூட இல்லை. (செல்லூர்)

தண்ணீர் எதுவரை ஏறியது? ஏர் ஃபில்டர் வரை என்றால் செல்ஃபைத் தொடாதீர்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டுச் சுற்றி, உள்ளே புகுந்த தண்ணீரை வெளியேற்றுங்கள். இல்லையென்றால் கனெக்டிங் ராடு வளையும். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் ஆயிலையும் மாற்றுங்கள்.

அவ்வளவு ஏறவில்லை என்றால் டெல்கோ மூடியைக் கழற்றி, மூடி, ரோட்டர், பாயிண்ட் மூன்றையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். மூடியின் உட்புறம் பென்சில் கோடு மாதிரி கறுப்பாக ஓடியிருந்தால் அந்த மூடி இனி ஆகாது. பிறகு காயில் வயரின் நுனியை பிளாக்குக்கு அரை சென்டிமீட்டர் தள்ளி, இன்சுலேஷன் உள்ள பிளையரால் பிடித்துச் செல்ஃப் அடித்துப் பாருங்கள். பெட்ரோல் வாடை இருந்தால் இந்தச் சோதனை கூடாது. நீல ஸ்பார்க் வந்தால் சரி. மஞ்சளாக, சோகையாக வந்தால் கண்டென்சரைச் சந்தேகப்படுங்கள். விலை குறைந்த சாமான், முதலில் மாற்ற வேண்டியது அதுதான். சாவியை ஆனில் மறந்துவிட்டுப் போகாதீர்கள், காயில் வெந்துபோகும்.

கல்யாண ஊர்வலத்துக்கு அம்பாசடரிலிருந்து சீரியல் லைட்டுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் கரண்ட் கொடுத்தோம். ஃபியூஸ் போனது, செம்புக் கம்பி சுற்றினோம். ஊர்வலம் முடிந்ததும் வண்டி கிளம்பவில்லை. (உசிலம்பட்டி)

பழைய அம்பாசடரில் இக்னிஷன் வழிக்கு ஃபியூஸே கிடையாது. ஆகவே ஃபியூஸ் போனதால் வண்டி நிற்காது. செம்புக் கம்பி தாங்கிக்கொண்டது, ஃபியூஸிலிருந்து போகும் பச்சை வயர் உருகியது, பக்கத்திலேயே ஓடும் வெள்ளை வயரின் மேலுறையும் கூட உருகி ஒட்டியிருக்கும். டேஷ்போர்டு பின்னால் வயர்க் கட்டைப் பிரித்துப் பாருங்கள். லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று போட்டிருப்பது எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். அடுத்த கல்யாணத்துக்குத் தனி பேட்டரி வையுங்கள், மாப்பிள்ளை நடந்து போக வேண்டியிருக்காது.

செல்ஃப் 'டக்' என்று நின்றுவிடுகிறது. ஹெட்லைட்டும் மங்குகிறது. (ஒத்தக்கடை)

பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தும் இப்படி என்றால் செல்ஃபின் பல் ஃப்ளைவீலில் மாட்டியிருக்கிறது. சாவியை ஆஃப் செய்து, டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். விடாவிட்டால் செல்ஃபின் பின்முனையில் சதுரமாகத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும், ஸ்பேனரால் திருப்புங்கள். ஹேண்டில் போட்டு எடுக்க நினைத்தால் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடியுங்கள். திருப்பி அடித்தால் மணிக்கட்டு போய்விடும்.