எந்தச் செல், எந்த நோய்க்கு?

கேள்வி: என் தந்தைக்கு வயது 64. ஆறு ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். கை நடுக்கத்தோடு இப்போது நடையும் தடுமாறுகிறது. வயிற்றுக் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து ரத்தத்தில் ஏற்றினால் குணமாகிவிடும் என்று ஒரு மருத்துவமனையில் சொல்கிறார்கள். ஸ்டெம் செல் என்றாலே கருவை அழித்து எடுப்பது, அது பாவம் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். நான் யார் பேச்சைக் கேட்பது?

பதில்: உங்கள் உறவினர்கள் சொல்வது ஒரு வகைச் செல்லைப் பற்றி, மருத்துவமனை சொல்வது முற்றிலும் வேறொன்றைப் பற்றி. பெருகி வேறு வகைச் செல்களாகவும் மாறக்கூடிய மூலச் செல்தான் ஸ்டெம் செல். இரண்டுக்கும் அந்த ஒரே பெயர் இருப்பதால்தான் இத்தனை குழப்பம்.

முதலில் உறவினர்களின் தயக்கம். 1998-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்த்தார். செயற்கைக் கருத்தரிப்புக்காக உருவாக்கப்பட்டு, பயன்படாமல் எஞ்சிய கருக்கள் அவை. ஐந்தாறு நாள் வயதுடைய அத்தகைய கரு ஒரு முற்றுப்புள்ளியை விடச் சிறியது. நூறு சொச்சம் செல்களே இருக்கும். அதன் உள்ளே ஒரு பக்கமாக ஒட்டியிருக்கும் சிறு கொத்துதான் பின்னர் உடலின் எல்லா உறுப்புகளாகவும் மாறக்கூடியது. அதைப் பிரித்தெடுத்தால் கரு அழிந்துவிடும். வீணாகப்போகும் கரு ஒரு நோயாளிக்கு உதவட்டுமே என்பது ஒரு தரப்பு; கருத்தரித்த கணமே அது மனித உயிர், அதை இன்னொருவருக்கு மருந்தாக்கக் கூடாது என்பது மறுதரப்பு. அமெரிக்க அரசு 2001-இல் இந்த ஆய்வுக்கான நிதியைக் கட்டுப்படுத்தியதும், 2009-இல் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியதும் இந்த வாதத்தின் விளைவுகளே. இரு தரப்பிலும் நேர்மையானவர்கள் உண்டு. ஆனால் அந்தச் சண்டையின் வேகத்தில், தடை மட்டும் நீங்கினால் மறுநாளே பக்கவாதக்காரர் எழுந்து நடப்பார் என்பதுபோலப் பேசப்பட்டதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. அந்தப் பேச்சை நம்பிக் காத்திருந்தவர்கள் நோயாளிகள்தாம்.

2006-இல் ஜப்பானின் ஷின்யா யமனாகா நான்கு மரபணுக்களைச் செலுத்தி எலியின் தோல் செல்லையே கருவின் செல்லைப் போன்ற நிலைக்குத் திருப்பினார். அடுத்த ஆண்டே மனிதச் செல்லிலும் அது கைகூடியது. அதற்காக 2012-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எனவே இன்று எல்லா ஸ்டெம் செல்லும் கருவிலிருந்து வருவதில்லை. உங்கள் தந்தைக்குச் சொல்லப்பட்ட கொழுப்புச் செல்லுக்கும் கருவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அப்படியானால் செய்துகொள்ளலாமா? வேண்டாம் என்பதே என் பதில். அதற்குக் காரணம் பாவபுண்ணியம் அல்ல. பார்க்கின்சன் நோயில் மூளையின் அடிப்பகுதியில், உடல் அசைவுகளுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பு செல்கள் அழிகின்றன. கொழுப்பிலிருந்து எடுக்கும் செல் அத்தகைய நரம்பு செல்லாக மாறி அங்கே குடியேறும் என்பதற்குச் சான்று இல்லை. ரத்தத்தில் ஏற்றும்போது அவற்றில் பெரும்பகுதி நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களிலேயே சிக்கிக்கொள்கிறது. சொந்தச் செல் என்பதால் தீங்கு வராது என்பார்கள். பார்வை மங்கிவந்த மூன்று பெண்களுக்கு அமெரிக்காவில் அவர்களுடைய கொழுப்புச் செல்களையே இரு கண்களிலும் செலுத்தியதில், மீதியிருந்த பார்வையும் பெருமளவு பறிபோனது 2017-இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

ஸ்டெம் செல் மருத்துவமே பொய் என்று நான் சொல்லவில்லை. ரத்தப் புற்றுநோய்க்குப் பல்லாண்டுகளாகச் செய்யப்படும் எலும்பு மஜ்ஜை மாற்று அதுதான். அதற்கு வழிகாட்டிய டொனால் தாமஸ் 1990-இல் நோபல் பெற்றார். பார்க்கின்சன் நோய்க்கும் 2025-இல் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன: வட அமெரிக்காவில் கருச் செல்லிலிருந்து உருவாக்கிய நரம்பு செல்களை 12 பேருக்கும், கியோட்டோவில் யமனாகா வழியில் உருவாக்கியவற்றை 7 பேருக்கும், மண்டையோட்டில் துளையிட்டு மூளைக்குள்ளேயே வைத்தார்கள். செல்களால் பெரிய ஆபத்து நேரவில்லை. சிலருக்கு அசைவுகள் மேம்பட்டன. ஆனால் இவை பாதுகாப்பைச் சோதிக்கும் முதற்கட்ட ஆய்வுகள். செல்கள் பிறருடையவை என்பதால் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளும் தேவைப்பட்டன. கையில் ஊசி போட்டு அனுப்பும் சிகிச்சைக்கும் இதற்கும் உள்ள தூரத்தை நீங்களே அளந்துகொள்ளலாம்.

அந்த மருத்துவமனையில் ஒன்று கேளுங்கள்: இது பதிவு செய்யப்பட்ட ஆய்வா, கட்டணச் சிகிச்சையா? முறையான ஆய்வில் சோதனைச் சிகிச்சைக்குப் பொதுவாக நோயாளியிடம் பணம் வாங்குவதில்லை.

இதற்கிடையே தந்தைக்குச் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. ஆறு ஆண்டுகளில் மாத்திரையின் வேலை நேரம் குறைவது வழக்கம். அளவையும் இடைவெளியையும் மாற்றினாலே பலருக்கு நடை சீராகிறது. இயன்முறைப் பயிற்சி உதவும். சிலருக்கு மூளையில் மின்முனை பொருத்தும் அறுவை சிகிச்சையும் பொருந்தும். ஒரு வாரத்துக்கு அவர் மாத்திரை சாப்பிட்ட நேரத்தையும் தடுமாறிய நேரத்தையும் ஒரே தாளில் குறித்து, அதோடு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.