மலையில் கனமழை: வீடு போய்ச் சேரும் வழி (கேள்வி பதில்)

சார், மழை பிடித்தால் ஊட்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரயில்வே பாலத்தடியில் தண்ணீர் நிற்கிறது. ஸ்கூட்டரில் கடக்கலாமா?

வேண்டாம். சுற்று மேட்டுத் தண்ணீரெல்லாம் அங்கேதான் இறங்கும். கோடப்பமந்து கால்வாயும் பொங்கினால் கண்மூடித் திறப்பதற்குள் மட்டம் ஏறிவிடும். சக்கரத்தின் அச்சுதான் உங்கள் அளவுகோல், ஸ்கூட்டருக்கு அது ஏறக்குறைய ஒரு சாண் உயரம். முன்னால் போகிற வண்டியின் அச்சு மூழ்கினால் திரும்பிவிடுங்கள். மழை தணியும்வரை மேட்டில் நில்லுங்கள்.

தண்ணீரில் வண்டி அணைந்துவிட்டது. செல்ஃப் போடலாமா?

கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். நனைந்திருந்தால் மெக்கானிக் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றட்டும். ஆயில் பால்விட்ட டீ நிறத்தில் இருந்தால் மாற்றாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

மேட்டுப்பாளையத்தில் வேலை, குன்னூரில் வீடு. சாயங்காலம் அடைமழை என்றால் எந்த வழி அண்ணா?

முதலில் எந்தப் பருவம் என்று பாருங்கள். தென்மேற்குப் பருவத்தில் அடி வாங்குவது கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம். 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. உங்கள் கிழக்குச் சரிவுக்கு ஆபத்து அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2009 நவம்பர் மண்சரிவுகளில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த மாதங்களில் கல்லாறு தாண்டுவதற்கு முன்பே மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குப் போன் போட்டு, பர்லியார், காட்டேரி வழி திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். அடைத்திருந்தால் கோத்தகிரி சுற்று. இரண்டும் இல்லையென்றால் மேட்டுப்பாளையத்திலேயே தங்குங்கள். மஞ்சூர் காட்டுப் பாதையை அந்த மழையில் நினைக்கவே வேண்டாம்.

கிளம்பியபின் மேல்புறச் சரிவில் ஒரு கண் இருக்கட்டும். பொடிக்கல் உருண்டு வந்தால், மரம் சாய்ந்திருந்தால், தெளிவாக வழிந்த ஊற்று திடீரென்று செம்மண் குழம்பாக மாறினால், அதற்குமேல் போகாதீர்கள். இதைவிட மோசமான அறிகுறி ஒன்று உண்டு: மழை கொட்டிக்கொண்டே இருக்க, ஓடையில் மட்டும் தண்ணீர் குறைவது. மேலே மண்ணும் மரமும் விழுந்து ஓடையை அடைத்திருக்கலாம். அது உடைந்தால் மொத்தமாக வரும். உடனே ஓடையை விட்டு விலகுங்கள்.

முன்னும் பின்னும் மண் விழுந்து நடுவில் மாட்டிக்கொண்டால்?

வெட்டிய மண்சுவர் ஓரம், கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தடி, ஓடை குறுக்கிடும் சிறு பாலம், பள்ளத்துப் பக்க விளிம்பு: இந்த நான்கிலும் நிற்காதீர்கள். கடையோ வீடோ உள்ள திறந்த மேடுதான் நல்லது. ஹேண்ட்பிரேக் போட்டு, ஏற்றம் பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கம் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியர். ஹீட்டருக்காக இன்ஜினை ஓடவிட்டுக் கண்ணாடியை மூடித் தூங்கவே கூடாது. சைலன்சர் வாயைச் சேறு அடைத்தால் நச்சுப்புகை உள்ளே வரும்.

இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை போல இருக்கிறது, ஏன்?

தண்ணீரில் இறங்கி வந்திருந்தால் பிரேக் நனைந்திருக்கும். வேகத்தைக் குறைத்து, பெடலை லேசாக அழுத்தியபடி கொஞ்ச தூரம் ஓட்டினால் காய்ந்துவிடும். நனையாமலே பிடிப்பு குறைந்து கருகல் வாடை வந்தால் அது சூடு; ஓரம் கட்டி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஏறுகிற கியரிலேயே இறங்குங்கள், நியூட்ரல் கூடவே கூடாது. ஏறும் வண்டிக்கு வழி விடுங்கள். மேகம் இறங்கினால் லோ பீம். ஹை பீம் போட்டால் வெள்ளைத் திரைதான் தெரியும்.

ரோட்டில் கரண்ட் கம்பி விழுந்து கிடக்கிறது. ஓரமாக நடந்து போகலாமா?

பத்து மீட்டருக்குள் போகாதீர்கள். ஈர மண்ணிலும் மின்சாரம் பாயும். ஏற்கெனவே பக்கத்தில் வந்துவிட்டால் காலைத் தூக்கி வைக்காமல், பாதங்களை ஒட்டினாற்போல் தேய்த்தபடி பின்வாங்குங்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987.

மசினகுடி போகணும். தெப்பக்காடு பாலத்தின் மேல் முழங்காலளவுதான் தண்ணீர்...

போகாதீர்கள். மாயாற்றின் இழுப்புக்கு முழங்காலே அதிகம், கார்கூட மிதக்கும். பாலம் தெரியும்வரை இக்கரையிலேயே இருங்கள். தண்ணீர் வடிந்ததும் நடுப்பாலம் அரித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.