நாள் முழுக்க நின்று வேலை செய்கிறேன், காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறது. என்ன உடற்பயிற்சி செய்யலாம்?

மீன் கடையில் நிற்கிறவர், இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு கெண்டைக்காலில் நரம்பு புடைத்துவிட்டது, சாயங்காலமானால் கால் கல் மாதிரி கனக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் இந்த வெரிகோஸ் இருக்கிறது, என் மாமியாருக்கும் இருக்கிறது. நாம் நரம்பு என்று சொன்னாலும் புடைத்திருப்பது ரத்தக்குழாய்தான். நான் மண்டபம் ஊரில் பள்ளி ஆசிரியை. அத்தைக்குப் பாம்பனில் கருவாட்டுக் கடை. காலுக்குப் பயிற்சி வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் அத்தை, "விடிஞ்சதுல இருந்து நின்னுக்கிட்டுத்தானே இருக்கேன், இதுக்கு மேல என்ன எக்சர்சைஸு?" என்றார்.

நிற்பதுதான் பிரச்சினையே. காலில் இறங்கிய ரத்தத்தை மேலே ஏற்றுவது கெண்டைக்கால் தசை. அது சுருங்கினால் ரத்தக்குழாய் அமுங்கி ரத்தம் மேலே போகும், உள்ளே உள்ள வால்வுகள் திரும்பி வராமல் தடுக்கும். அசையாமல் நிற்கும்போது கணுக்கால் பக்கம் சிரையில் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) அழுத்தம் சுமார் 90 மி.மீ. பாதரசம் இருக்கும், நல்ல கால் நடக்க ஆரம்பித்தால் அது 30 அளவுக்கு இறங்கிவிடும். வால்வு கெட்ட நம் காலில் அவ்வளவு இறங்காது, ஆனாலும் கனமும் வீக்கமும் குடைச்சலும் குறையும். புடைத்த நரம்பு பயிற்சியால் உள்ளே போகாது. அப்படிச் சொல்லி யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

நிற்கிறவர்களுக்கு நல்லது குதிகால் தூக்குவது. கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டு, முன்பாதத்தில் நின்று குதிகாலை உயர்த்தி, மெதுவாக இறக்குங்கள். 15, 20 தடவை, மணிக்கொரு முறை. இதற்கென்று தனி நேரம் ஒதுக்கினால் நடக்காது, வியாபாரத்தோடு வியாபாரமாகச் செய்ய வேண்டும். அத்தை எடை போடும்போது செய்கிறார்; வாங்க வந்தவர்கள் தராசு முள்ளை எட்டிப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உட்கார்ந்திருந்தால் பாதத்தை மேலும் கீழும் மடக்கி நீட்டலாம். அரிவாள்மணை முன்னால் மணிக்கணக்கில் குத்தவைத்து உட்காராமல், நடுநடுவே எழுந்து நாலு எட்டு நடங்கள்.

அப்புறம் நடை. அரியமான் மாதிரி அலை குறைந்த கரை பக்கத்தில் இருந்தால் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து பாருங்கள். நீரின் அழுத்தமே காலைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும், அடியில் அதிகமாகவும் மேலே குறைவாகவும். அழுத்தக் காலுறை செய்வதும் அதேதான். மணலில் திருக்கை மீன் படுத்திருக்கும், மிதித்தால் முள்ளால் குத்திவிடும்; அது விலகிப் போக, பாதத்தை மணலில் தேய்த்தபடியே போங்கள். காலில் புண் இருந்தால் கடலில் இறங்க வேண்டாம்.

ராத்திரி பாயில் படுத்து, காலைச் சுவரில் சாய்த்து நெஞ்சுக்கு மேலே இருக்கும்படி 15 நிமிடம் வைத்திருங்கள். மாசமாக இருக்கிறவர்கள் மல்லாந்து படுக்காமல் இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பது நல்லது. நம் ஊரில் எண்ணெய் போட்டு அழுத்தி நீவுவதும் வெந்நீர் ஒத்தடமும் வழக்கம். இரண்டும் வேண்டாம், சூட்டில் குழாய் இன்னும் விரியும். மீன் கூடையை மூச்சைப் பிடித்துத் தூக்காதீர்கள், இன்னொரு கை கேளுங்கள். காலுறை இந்த வெக்கையில் கஷ்டம்தான். போடுவதானால் காலையில் எழுந்து நடமாடுவதற்கு முன்பே மாட்டிவிட வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி வலித்தால் பயிற்சியும் வேண்டாம், தைலமும் வேண்டாம். உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கணுக்கால் தோல் கறுத்தாலோ புண் ஆறாமல் கிடந்தாலோ ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்க்க வேண்டும். புடைத்த நரம்பு உடைந்து ரத்தம் வந்தால் நின்றுகொண்டு துடைக்காதீர்கள். அங்கேயே படுத்து, காலை உயரத் தூக்கி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி ஆட்டோவுக்கு ஆள் அனுப்புங்கள்.